‘கெட்டது’ என்று எழுதிய பாட்டில்கள்

சோஃபியாவுக்குப் பொய் சொல்வது கஷ்டமான காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் சொல்வாள். அதுவும் யாருக்கும் பெரிய கெடுதல் வராத பொய்யாகப் பார்த்துத்தான் சொல்வாள். கல்யாணத்துக்கு முன்பு கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வந்துபோன காலத்தில், சாயங்கால வண்டியில் நிற்கக்கூட இடம் இருக்காது. கைக்குட்டையை வாயில் வைத்து இரண்டு தடவை இருமுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "டி.பி. ஆஸ்பத்திரியில வேலைங்க, தூசு ஒத்துக்கல" என்பாள். கே.ஆர்.புரம் தாண்டுவதற்குள் ஜன்னலோரம் கிடைத்துவிடும். சில நாள் ஒரு பெஞ்சே காலியாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் வேலை என்பது மட்டும் நிஜம். டி.பி. ஆஸ்பத்திரி இல்லை, சாதாரணப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே லேபில் ரத்தம், சளி, சிறுநீர் என்று வருவதையெல்லாம் வாங்கிப் பரிசோதித்து, இன்ன கிருமி, இவ்வளவு கிருமி என்று சொல்வது அவள் வேலை. இப்போது நாற்பத்தாறு வயது. பெங்களூரு ஓரத்து ஹெப்பகோடியில் சின்ன ஃப்ளாட். கணவர் தாஸ், எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். மகள் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

பண்டங்களைப் பாட்டிலில் அடைக்கும் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது தக்காளியால்தான். தாஸின் நண்பர் ஒருவர் கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வண்டி நடுவழியில் படுத்துவிட, வாடிப்போவதற்குள் தீரட்டும் என்று இரண்டு பெட்டியை இவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சோஃபியா வாரம் முழுக்கத் தக்காளிச் சட்னி, தக்காளி ரசம், தக்காளிச் சோறு என்று செய்து பார்த்தாள். தாஸுக்கு மூஞ்சியே சிவந்துபோன மாதிரி இருந்தது. மீதியைக் கூழாக்கிக் காலி ஜாம் பாட்டில்களில் நிரப்பி, இறுக மூடி, அலமாரியில் அடுக்கிவிட்டாள். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சமையலறையில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்த தாஸ், கூரையிலிருந்து சொட்டுகிற சிவப்பைக் கண்டதும் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அத்தோடு கை கழுவியிருப்பாள். சோஃபியாவுக்கோ ரோஷம் வந்துவிட்டது. ஊரார் சளியில் கிருமி தேடுகிறவள் வீட்டுப் பாட்டிலுக்குள்ளேயே கிருமி குடித்தனம் நடத்தினால் எப்படி? படித்தாள், தெரிந்தவர்களைக் கேட்டாள், மறுபடி செய்தாள். புளிப்பு உள்ள பண்டத்தை மட்டும் பாட்டிலில் அடைப்பது என்று முடிவு செய்தாள். மாங்காய், எலுமிச்சை, வினிகரில் ஊறிய வெள்ளரி, கேரட், பச்சை மிளகாய் இவற்றில் கிருமி லேசில் வாலாட்டாது. தக்காளி நம்ப முடியாத ஆசாமி. புளிக்கிற மாதிரி இருக்கும், போதுமான புளிப்பு இருக்காது. அதற்கு ஒவ்வொரு பாட்டிலிலும் எலுமிச்சைச் சாறு. புளிப்பு சரியா என்று பார்க்கக் கடையிலிருந்து பி.எச். தாள் வாங்கி வைத்தாள். பெரிய அண்டாவில் துணி விரித்து, பாட்டில்களை முழுக்க முங்கும்படி நிற்க வைத்துக் கொதிக்க விடுவாள். பெங்களூரு மேட்டு ஊர். இங்கே தண்ணீர் நூறு டிகிரி வருவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கொதித்துவிடும் என்று தாஸிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக வைப்பாள். ஆறினதும் ஒவ்வொரு மூடியையும் கட்டை விரலால் அழுத்துவாள். உள்ளே இறங்கி அசையாமல் இருந்தால் பாஸ். ‘டிக்’ என்று மேலே வந்தால் ஃபெயில். அது ஃபிரிட்ஜுக்குப் போகும்.

கிருமியிடமிருந்து பாட்டிலைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவளுக்குத் தம்பியிடமிருந்து காப்பாற்றத் தெரியவில்லை.

தம்பி ஆண்டனி வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். பிரியாணியை ஒரு கை பார்ப்பான். கிளம்பும்போது முதுகுப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நிற்பான்.

"அக்கா, ரெண்டே ரெண்டு எடுத்துக்கறேன்" என்பான். அவன் போன பிறகு எண்ணினால் ஆறு குறையும். கேட்டால், "சின்ன பாட்டில்தானேக்கா, ரெண்டு சேர்ந்தா ஒண்ணு" என்று கணக்குச் சொல்வான்.

ஒருநாள் வேலையிலிருந்து வரும் வழியில் சோஃபியாவுக்கு யோசனை வந்தது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளை ஸ்டிக்கர் சீட்டை எடுத்தாள், தடி மார்க்கரை எடுத்தாள். நல்ல பாட்டில் ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் ‘கெட்டது’ என்று எழுதி ஒட்டினாள். முன் வரிசையில் மட்டும் பழைய எலுமிச்சை ஊறுகாய் இரண்டை எழுதாமல் விட்டாள்.

"என்ன சோபி இது?" என்றார் தாஸ்.

"உங்க மச்சானுக்கு வேலி."

வேலி நன்றாகவே நின்றது. அடுத்த ஞாயிறு ஆண்டனி வந்தான், பார்த்தான், முகம் தொங்கிப்போனது. "இன்னாக்கா, இவ்ளோ வேஸ்ட் ஆயிடுச்சு?" "வெயில் ஜாஸ்திடா" என்று சோஃபியா ஒரு பெருமூச்சு விட்டாள். அவன் எலுமிச்சை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். வாசற்கதவு சாத்தினதும் அக்காவுக்கு வந்த சிரிப்பில் அண்டா மூடி கீழே விழுந்து உருண்டது.

சில வாரங்கள் இப்படி ஓடின. பிறகு ஒரு ஞாயிறு, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று தாஸ் மறதியாக அலமாரியிலிருந்து ஒரு ‘கெட்டது’ பாட்டிலை எடுத்துத் திறந்து, மிளகாய் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி ரசித்தார். ஹாலில் இருந்த ஆண்டனி இதைப் பார்த்துவிட்டான். வாயைத் திறக்கவில்லை. அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே.

அதற்கப்புறம் நடந்த கோளாறுக்குக் காரணம் தாஸ்தான். பெண்டாட்டி கிச்சனில் வாங்குகிற பேர் புகழைப் பார்த்து அவருக்கும் கை அரித்தது. வேனில் வருகிற ஒருவர் காளான் பண்ணை வைத்திருந்தார். ஒரு பெட்டி கொடுத்தார். சோஃபியா டியூட்டிக்குப் போயிருந்த நேரம், தாஸ் அதை வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, ஒரு பெரிய பாட்டிலில் அடைத்து மூடினார். கிறிஸ்துமஸுக்குத் திறந்து அவளை அசத்த வேண்டும் என்று அலமாரியின் பின்பக்கம் ஒளித்து வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சோஃபியா கையில் அது அகப்பட்டது. மூடி லேசாக உப்பியிருந்தது.

"ஏங்க, இது எது?"

தாஸ் பெருமையோடு சொன்னார். அவள் முகம் மாறுவதைப் பார்த்துப் பெருமையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"காளான்ல புளிப்பே கெடையாதுங்க. காத்துப் போகாம எண்ணெய்க்குள்ள மூடி, வெளியவே வெச்சிருக்கீங்க. ஒரு கிருமி கீது, அதுக்கு இதுதான் சொர்க்கம். உள்ள வெஷம் கக்கி வெச்சிருக்கும். நாத்தம் வராது, ருசி மாறாது. தின்னா கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சே நின்னுடும்."

"நான் இன்னும் தின்னலையே" என்றார் தாஸ் சன்னமாக.

திறக்காமல் அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டினாள். குப்பை வண்டி திங்கள்கிழமைதான் வரும். அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று பைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் எழுதி ஒட்டி, துணி துவைக்கிற யூட்டிலிட்டியில், மேல் தட்டில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ஸ்டிக்கரில் என்ன எழுதுவாள்? ‘கெட்டது’ என்றுதான்.

மறுநாள் ஞாயிறு அவளுக்குக் காலை டியூட்டி. மத்தியானம் வீடு திரும்பினால் அலமாரி பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தாஸ் ஹாலிலிருந்து எழுந்து வந்தார்.

"காலையிலேயே மச்சான் வந்துட்டுப் போனான். நான் குளிச்சிட்டு இருந்தேன். வைட்ஃபீல்டுல அவங்க மேனேஜர் ஸ்ரீவித்யா வீட்டுக் கிரகப்பிரவேசமாம், ஆளாளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு போறாங்களாம்னு, அபார்ட்மெண்ட் பேரோட வெளியிலிருந்தே கத்திச் சொல்லிட்டு ஓடிட்டான்."

சோஃபியா யூட்டிலிட்டிக்கு ஓடினாள். சோப்புத்தூள் டப்பா இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. அக்கா இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் அதுதான் உள்ளதிலேயே விசேஷமான சரக்கு என்று அந்த மூளை கணக்குப் போட்டிருக்கும்.

போன் போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும்.

"டேய், நீ தூக்கிட்டுப் போனதுல காளான் பாட்டில் ஒண்ணு கீதுடா. அது கெட்டது."

"ஆமாக்கா. மாங்கா கெட்டது, மொளகா கெட்டது, வெள்ளரி கெட்டது. மாமா மட்டும் எல்லாத்தையும் தின்னுட்டு ஜம்முனு கீறாரு."

"இல்லடா, இது நிஜமாவே கெட்டது!"

"அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் பொய்டா" என்றாள்.

"அப்படி வா வழிக்கு" என்றான் ஆண்டனி.

"உயிருக்கு ஆபத்துடா, ஆண்டவர் சத்தியமா!"

"சூப்பர்க்கா. டி.பி. ஆஸ்பத்திரி ரேஞ்சுக்கு கீது. அழுவுற மாதிரி குரல்கூட வருது பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை. தாஸ் போட்டுப் பார்த்தார். அக்கா புருஷனும் உடந்தை என்று முடிவு கட்டியிருந்தவன், அதையும் எடுக்கவில்லை.

இருவரும் ஸ்கூட்டரில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்தான், சர்ஜாபுரம் ரோடு வழக்கம்போல் நகராமல் கிடந்தது. வேன் ஓட்டுகிற தாஸுக்குத் தெரியாத சந்துபொந்தா? லேஅவுட்டுகளுக்குள் நுழைந்து, தென்னந்தோப்பு ஓரமாக வளைந்து, ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவே புகுந்து வெளியே வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சோஃபியா, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னை யாராவது நம்ப மாட்டார்களா என்று ஏங்கினாள்.

அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி மறித்துக் கன்னடத்தில் கேட்டார். "யாவ ஃப்ளாட் மேடம்?"

அழைப்பில்லாமல் விடமாட்டார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சோஃபியா கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஸ்ரீவித்யா மேடம் ஃப்ளாட். பிளட் சாம்பிள், ஹோம் கலெக்ஷன்."

"இவ்ரு?"

"டிரைவர்."

அதில் ஒன்றும் பொய் இல்லை என்று தாஸ் நிமிர்ந்து நின்றார். கேட் திறந்தது.

மாவிலைத் தோரணம் கட்டிய கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு முப்பது பேர் தட்டும் கையுமாக. மேஜை நடுவில் அவள் பாட்டில்கள் வரிசையாக நின்றன, ஸ்டிக்கர் சுரண்டின தழும்போடு. அவற்றின் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஆண்டனி, கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"சண்டேன்னா எனக்கு இதான் வேலை. வினிகர் அளவுதான் மெயின். பாட்டிலைக் கொதிக்க வெக்கணும், பெங்களூரு ஹைட்ல இருக்குதில்ல, அதனால எக்ஸ்ட்ரா டைம் குடுக்கணும். இந்த மஷ்ரூம் என்னோட லேட்டஸ்ட். கிச்சன்ல தொறக்கும்போது சோடா மாதிரி ‘உஸ்’ஸுன்னுச்சு, அவ்ளோ ஃப்ரெஷ்!"

தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளையே தம்பி தன் சொந்தச் சரக்காக விற்றுக்கொண்டிருப்பதைக் கேட்டு சோஃபியாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ‘உஸ்’ காதில் விழுந்ததும் எரிச்சல் எல்லாம் மறந்துவிட்டது. காளான் ஒரு பீங்கான் கிண்ணத்தில், இன்னும் யாரும் தொடாமல், பளபளவென்று இருந்தது. ஒரு பெண் அதை நோக்கிக் கரண்டியை நீட்டினாள்.

"அதைத் தொடாதீங்க!"

எல்லாத் தலையும் திரும்பின. ஆண்டனியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இவங்க..." என்று இழுத்தான். "நமக்குத் தெரிஞ்சவங்க."

கூடப் பிறந்தவளைத் தெரிந்தவளாக்கிவிட்டான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சோஃபியா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். புளிப்பில்லாத பண்டம், காற்றில்லாத பாட்டில், உள்ளே வளரும் கிருமி, நரம்பை முடக்குகிற விஷம். சொல்லச் சொல்ல அவளுக்கே தெரிந்தது, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஒருவர் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "வாசனை நல்லாத்தானே இருக்கு, பூண்டு தூக்கலா" என்றார்.

"கிச்சன்ல நானே ரெண்டு எடுத்துச் சாப்பிட்டேன்" என்றான் ஆண்டனி. "சூப்பரா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

கரண்டி மறுபடி கிண்ணத்தை நெருங்கியது.

நிஜம் வேலைக்கு ஆகாது என்று சோஃபியாவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, சபையில சொல்ல வேணாம்னு பார்த்தேன். அதுல பல்லி விழுந்துடுச்சுங்க."

கரண்டி ‘டங்’ என்று தரையில் விழுந்தது.

"பெருசு. வாலை மட்டும்தான் எடுத்தோம்."

"மீதி?" என்று யாரோ ஈனஸ்வரத்தில் கேட்டார்கள்.

வாசலில் ஹெல்மெட்டோடு நின்ற தாஸ், இத்தனை வருடம் சும்மா குடித்தனம் பண்ணவில்லை. "தலையைத்தாங்க தேடிட்டு இருந்தோம்" என்றார் வருத்தமாக.

"அய்யோ, ஹல்லி!" என்று ஒரு அம்மாள் கன்னடத்தில் அலறினார். முப்பது தட்டும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. அதுவரை விஞ்ஞானத்துக்கு அசையாத கூட்டம் பல்லிக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சோஃபியா ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. கிண்ணத்தில் இருந்ததைப் பாட்டிலில் கவிழ்த்து மூடிப் பையில் கட்டினாள், கிண்ணம் கரண்டியெல்லாம் தனியாக ஒதுக்கினாள், ப்ளீச்சிங் கேட்டு வாங்கி மேஜையையும் கிச்சன் மேடையையும் துடைத்தாள், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வீட்டுக்காரி ஸ்ரீவித்யா, நிதானமான பெண், ஆண்டனியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆண்டனி, உங்க கிச்சன்லயா பல்லி?"

ஆமாம் என்றால் இனி அவன் கையால் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இல்லை என்றால் யார் கிச்சன் என்று சொல்ல வேண்டும். ஆண்டனி கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அக்கா கிச்சன்" என்றான்.

"எந்த அக்கா?"

"இதோ... எங்க அக்கா."

மற்ற பாட்டில்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போகும்படி எல்லோரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். தாஸ் சந்தோஷமாகப் பையில் அடுக்கினார்.

ஆண்டனியோடு லிஃப்டில் இறங்கும்போதுதான் சோஃபியாவுக்கு உறைத்தது. இவன் இரண்டு தின்றிருக்கிறானே! சட்டையைப் பிடித்தாள். "வாடா ஆஸ்பத்திரிக்கு."

"அக்கா, அது வந்து..."

"பேசாதே. வாயைத் தொறந்தா அறைஞ்சிடுவேன்."

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் அவனைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சோஃபியா நினைத்ததையே சொன்னார்: உடனே தெரியாது, நாளை வரைக்குமாவது இங்கேயே வைத்துக் கவனிக்க வேண்டும். கண்ணில் டார்ச் அடித்தார். இமையைத் தூக்கச் சொன்னார், எச்சில் விழுங்கச் சொன்னார், கையை அழுத்தச் சொன்னார்.

"ரெண்டா தெரியுதா?"

ஆண்டனிக்கு வியர்த்துவிட்டது. "ரெண்டு டாக்டர் தெரியுறாங்க சார்!"

"ரெண்டு பேர்தான் இருக்கோம்" என்றார் பின்னால் நின்ற இன்னொரு டாக்டர்.

சாயங்காலம் டீ வந்தபோது ஆண்டனி மெதுவாக அக்காவின் விரலைப் பிடித்தான். "அக்கா, கோச்சுக்காதே. நான் தின்னவே இல்ல. எனக்குக் காளானே புடிக்காது, தெரியாதா உனக்கு? எல்லார் முன்னாடியும் கெத்தா இருக்கட்டும்னு சும்மா சொன்னேன்."

சோஃபியா அவனை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே தட்டில் காளான் விழுந்தால் பொறுக்கி ஓரமாக வைப்பவன்தான். பொய் சொன்னால் அவனுக்கு இடது காது சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினது போல இருந்தது. ஆனாலும் எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், பேஷண்ட் மாத்தி மாத்திப் பேசறான். குழப்பம் ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா கீது."

"அக்கா! சத்தியமாக்கா! நம்புக்கா!"

"எப்படிடா நம்பறது?" என்றாள் சோஃபியா.

டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் மத்தியானம் வரை, ஒவ்வொரு தடவையும் ஆண்டனி இமையைத் தூக்கினான், எச்சில் விழுங்கினான், கையை அழுத்தினான். சோஃபியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாஸ் கொண்டுவந்த தயிர் சாதத்துக்கு வினிகர் மிளகாய் கடித்துக்கொண்டிருந்தாள்.

காளான் பாட்டிலை டாக்டரே வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இருக்கக் கூடாத கிருமி அதில் இருந்தது என்று பிறகு தகவல் வந்தது. இப்போதும் தாஸ் காளான் செய்கிறார். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுகிறார்கள். சோஃபியா எல்லா ஸ்டிக்கரையும் உரித்துப்போட்டு, பண்டத்தின் பெயரையும் செய்த தேதியையும் மட்டும் எழுதுகிறாள். அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினாள்.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீவித்யாவிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்து, நடந்ததையெல்லாம் ஆண்டனி ஆபீஸில் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு வெள்ளரிக்கா பாட்டிலை மட்டும் நான் ஃபிரிட்ஜ் பின்னாடி தள்ளி வெச்சிட்டேன். பல்லின்னு சொன்ன பிறகும் தூக்கிப் போட மனசு வரல. சாப்பிட்டும் முடிச்சாச்சு. எப்படிச் செய்யறதுன்னு சொல்லித் தருவீங்களா?"

"அந்தக் கூட்டத்துல தைரியசாலி நீங்க ஒருத்திதான்" என்றாள் சோஃபியா. "ஞாயித்துக்கிழமை வாங்க. வெள்ளரியைச் சின்னதா, கெட்டியா பார்த்து வாங்கிட்டு வாங்க."

அந்த ஞாயிறு ஸ்ரீவித்யா மெட்ரோவில் இரண்டு பை நிறைய வெள்ளரியோடு வந்தாள். அவள் நறுக்க, தாஸ் அண்டாவைத் தூக்கி வைக்க, மேனேஜர் முன்னால் தப்பிக்க வழியில்லாமல் ஆண்டனி சிங்க் பக்கம் நின்று ஒவ்வொரு பாட்டிலாகக் கழுவினான். சாயங்காலம் வரிசையாக ஆற வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் மூடியை அழுத்திப் பார்த்தார்கள். எல்லாம் இறங்கியிருந்தன. ஒன்று மட்டும் ‘டிக்’ என்றது. அதை அலமாரியில் வைக்கவில்லை. அங்கேயே பிரித்து, நாலு பேரும் நின்றுகொண்டே தின்று தீர்த்தார்கள்.